முகத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள்

லினோ தகட்டில் (செதுக்கி, மை தடவி அச்செடுக்கும் மென்மையான தகடு) மடாதிபதியைக் கோரைப்பல்லோடு செதுக்கினால், பார்ப்பவர்கள் "இது எந்தச் சாமியார்?" என்று மட்டும் கேட்கிறார்கள், மடத்தின் மீதான விமர்சனம் போய்ச் சேரவில்லை என்கிறீர்கள். சேராதுதான். பல் முளைத்துவிட்டால் குற்றம் அந்த ஆளோடு நின்றுவிடும்.

ஸ்பெயின் ஓவியர் கோயா 1799-ல் வெளியிட்ட 'காப்ரிச்சோஸ்' தொகுப்பில் 80 அச்சுப்படங்கள். அதில் 52-ஆவதைத் தேடிப் பாருங்கள். ஒரு மரம், அதன்மேல் துறவியின் அங்கி. கிளைகள், தூக்கிய கைகளைப் போல அங்கியை விரித்துப் பிடித்திருக்கின்றன. எதிரே ஒரு பெண் கைகூப்பி மண்டியிட்டிருக்கிறாள். 'ஒரு தையற்காரனால் என்னவெல்லாம் முடிகிறது!' என்பது தலைப்பு. அங்கிக்குள் ஆளே இல்லை, யாரைக் கோபித்துக்கொள்வது? அந்தப் பெண்ணையும் கோயா கேலிப்பொருளாக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. (மதக் கொள்கைக்கு மாறானவர்களைத் தண்டித்த கத்தோலிக்க விசாரணை மன்றம் இருந்த காலம். தொகுப்பை விரைவிலேயே விற்பனையிலிருந்து விலக்கி, 1803-ல் செப்புத் தகடுகளை அரசரிடமே ஒப்படைத்துவிட்டார்.)

உங்கள் படத்திலும் ஆளை நீக்கிவிட்டுப் பீடம், உண்டியல், பாதுகை ஆகியவற்றை மட்டும் வைத்து ஒரு சோதனைப் பிரதி எடுங்கள். கோயாவின் சாம்பல் நிறம், செப்புத் தகட்டில் பிசின் தூள் தூவி அமிலத்தில் அரித்தெடுத்தது. லினோவில் அது வராது. நெருக்கமான மெல்லிய கோடுகளால் சமாளிக்கலாம். தலைப்பு எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்க மறக்காதீர்கள்.