போன் ஸ்லோ மோஷனில் கேட்ச் பிழை தெரியவில்லை. பணம் கட்டி ஆய்வு செய்யலாமா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. ரோயிங்கில் (துடுப்புப் படகோட்டத்தில்) ஒற்றையர் ஸ்கல், அதாவது ஒருவரே இரண்டு துடுப்பால் ஓட்டும் படகு, ஓட்டுகிறாள். "கேட்ச் லேட்டாக இருக்கிறது" என்று அவளுடைய கோச் தினமும் சொல்கிறார். நான் கரையிலிருந்து போனில் ஸ்லோ மோஷன் எடுத்துப் பார்த்தேன். என் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. இணையம் வழியாக அறிமுகமான ஒருவர், பழைய சாதாரண வீடியோக்களை அனுப்பினால் போதும், அவற்றை விநாடிக்கு 1000 ஃபிரேம் ஸ்லோ மோஷனாக மாற்றி, கோணங்களோடு அறிக்கை தருகிறேன் என்கிறார். ஒரு வீடியோவை இலவசமாகப் பார்த்துவிட்டு, துடுப்புத் தண்டு அதிகம் வளைகிறது, புதிது வாங்குங்கள் என்றும் எழுதியிருக்கிறார். பணம் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் போனே இந்த வேலைக்குப் போதும், எடுக்கும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

கோச் சொல்வது என்ன என்று முதலில் பார்ப்போம். துடுப்பு இலை தண்ணீருக்குள் இறங்கிப் பிடிக்கிற கணம்தான் கேட்ச். இலை முழுதாக மூழ்கிய பிறகுதான் காலின் விசை படகை முன்னே தள்ளும். இலை இன்னும் காற்றில் இருக்கும்போதே கால் உதைக்க ஆரம்பித்துவிட்டால், அந்த உதை ஃபுட் ஸ்ட்ரெச்சர் (காலை ஊன்றும் பலகை) வழியாகப் படகைப் பின்னால் தள்ளுகிறது. ஒற்றையர் படகின் குறைந்தபட்ச எடை 14 கிலோதான். உங்கள் மகள் அதைப்போல நாலு மடங்கு எடையாவது இருப்பாள். அவ்வளவு கனமான உடம்பு அவ்வளவு லேசான படகை உதைக்கும்போது, இலை பிடிக்காத ஒவ்வொரு நொடித்துளியும் வேகத்தைத் தின்றுவிடும். ஆகவே கோச் தினமும் கத்துவதில் நியாயம் இருக்கலாம்.

இப்போது நேரக் கணக்கு. நிமிடத்துக்கு 32 ஸ்ட்ரோக் (துடுப்பு வலிப்பு) போனால் ஒரு ஸ்ட்ரோக்குக்கு இரண்டு விநாடி கூடக் கிடையாது. அதில் இலை தண்ணீரைத் தொட்டு மூழ்குவது ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடி விவகாரம். விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் சாதாரண வீடியோவில் அதற்குக் கிடைப்பது மூன்றே படங்கள். 240 ஃபிரேமில் 24 படங்கள். கேட்ச் லேட்டா இல்லையா என்பதை 24 படங்களில் பார்க்கலாம், மூன்றில் பார்க்க முடியாது.

அந்த நபர் செய்வதாகச் சொல்லும் வேலையின் வண்டவாளம் இங்கேதான் இருக்கிறது. அவரிடம் நீங்கள் கொடுப்பது அந்த மூன்று படங்களைத்தான். அவற்றுக்கு நடுவே என்ன நடந்திருக்கும் என்று மென்பொருள் ஊகித்துப் புதுப் படங்களை வரைந்து நிரப்புகிறது. பார்க்க வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் இலை மேலே இருக்கும் படத்துக்கும் கீழே இருக்கும் படத்துக்கும் நடுவில் அது போடுவது சீரான ஒரு பாதை. இலை ஒரு கணம் தயங்கியதா, கால் முதலில் போனதா என்பதெல்லாம் கேமராவே பதிவு செய்யாத விஷயம். எடுக்காத படத்தை யாராலும் மீட்டுத் தர முடியாது. இப்படிப்பட்ட அறிக்கையை நம்பி ஒரு சீசன் முழுவதும் தன் கேட்ச் சரியென்று நினைத்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் என்னிடம் வந்தான். நேரில் 240 ஃபிரேமில் எடுத்துப் பார்த்த முதல் ஐந்து ஸ்ட்ரோக்கிலேயே பிழை தெரிந்துவிட்டது. அவன் இழந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

இந்த ஏமாற்று வேலையைக் கண்டுபிடிப்பது சுலபம். வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, தெறிக்கும் நீர்த்துளிகளைப் பாருங்கள். உண்மையான பதிவில் துளி ஒவ்வொரு படத்திலும் இடம் மாறும், உருவம் தெளிவாக இருக்கும். செயற்கையாக நிரப்பியதில் துளிகள் மெழுகுபோல் உருகி ஒன்றோடொன்று ஒட்டும், இலைக்கு நிழல்போல இரண்டாவது விளிம்பு முளைக்கும். சில போன்களிலேயே 960 ஃபிரேம் என்று விளம்பரப்படுத்தும் வசதி இதே வித்தையைத்தான் செய்கிறது. அதைத் தொடாதீர்கள். 240 போதும், 120-கூடப் பரவாயில்லை.

சரி, நீங்கள் எடுத்த ஸ்லோ மோஷனில் ஏன் ஒன்றும் தெரியவில்லை? பெரும்பாலும் வெளிச்சம்தான் காரணமாக இருக்கும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரோயிங்காரர்கள் பயிற்சிக்கு இறங்குவது விடியற்காலையில். தண்ணீர் அசையாமல் இருப்பது அப்போதுதான். ஆனால் கேமராவுக்கு அது மோசமான நேரம். விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது ஒரு விஷயம், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது வேறு விஷயம். இலை விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 240 ஃபிரேமில் ஷட்டர் அதிகபட்சமாக 1/240 விநாடி திறந்திருந்தால் படத்தில் இலை ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் இழுபட்டுத் தெரியும். 1/1000 விநாடியில் வெறும் 4 மில்லிமீட்டர்தான். வெளிச்சம் குறைந்தால் போன் தானாகவே ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். சில போன்கள் உங்களிடம் கேட்காமலே ஃபிரேம் எண்ணிக்கையையும் குறைத்துவிடும். திரையில் 240 என்று போட்டிருக்கும், உள்ளே கோப்பில் அது இருக்காது.

அதனால் சூரியன் நன்றாக மேலே வந்த பிறகு, உங்கள் முதுகுக்குப் பின்னால் வெயில் இருக்கும்படி நின்று எடுங்கள். விடியற்காலைதான் கிடைக்கிறது, வேறு வழியே இல்லை என்றால் 120 ஃபிரேமுக்கு இறங்கிவிடுங்கள். ஷட்டரைக் கையால் அமைக்கும் வசதியுள்ள கேமரா செயலி இருந்தால் 1/500 விநாடியில் நிறுத்திவிடுங்கள். படம் இருட்டாகவும் புள்ளி புள்ளியாகவும் வரும். வரட்டும். கலங்கலான அழகான படத்தைவிட, விளிம்பு கூர்மையாகத் தெரியும் இருட்டுப் படம் நமக்கு மேல். அதுவும் முடியாத அளவுக்கு இருட்டென்றால் அன்றைக்கு எடுக்க வேண்டாம். கலங்கிய படத்தை வைத்துக்கொண்டு லேட், லேட் இல்லை என்று வீட்டில் சண்டை போடுவதில் பயனில்லை.

அடுத்தது, நிற்கும் இடம். படகுக்கு நேர் குறுக்கே நின்று பார்த்தால்தான் கேட்சைப் பற்றிப் பேச முடியும். சற்றே முன்னாலோ பின்னாலோ நின்றால் சரியான கேட்ச் லேட்டாகத் தெரியும், லேட்டான கேட்ச் சரியாகத் தெரியும். ஸ்கல் படகில் இதைச் சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு: இரண்டு பக்க ரிக்கர்களும் (துடுப்பைத் தாங்கும் சட்டங்கள்) ஒன்றுக்கொன்று நேர் எதிரே இருப்பவை. கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு அருகில் தாழ்வாக வையுங்கள். பக்கத்து ரிக்கர் தூரத்து ரிக்கரை மறைக்கும் ஸ்ட்ரோக்கை மட்டும் கணக்கில் எடுங்கள். நிமிடத்துக்கு 30 ஸ்ட்ரோக்கில் படகு விநாடிக்கு 4 மீட்டர் போனால், ஒரே ஸ்ட்ரோக்கில் 8 மீட்டர் தாண்டிவிடும். கரையில் நின்றால் ஒரு சுற்றுக்கு ஒன்றிரண்டு ஸ்ட்ரோக்தான் தேறும். அதனால் பல முறை கடந்துபோகச் சொல்லுங்கள். கோச்சின் மோட்டார் படகில் கூடவே போனால் இன்னும் நல்லது. ஆனால் ஓட்டுபவர் படம் எடுக்கக் கூடாது, நீங்கள் உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறக் கூடாது.

மகளின் இடுப்பெலும்பு மேல், உடையில், பளிச்சென்ற நிறத்தில் ஒரு டேப் துண்டு ஒட்டுங்கள். முன்னும் பின்னும் சறுக்கும் சீட் பல நேரம் ரிக்கருக்குப் பின்னால் மறைந்துவிடும், டேப் மறையாது. பிறகு வீடியோவை நகர்த்தி இரண்டே ஃபிரேம்களைக் குறியுங்கள்: டேப் திசை திரும்பும் ஃபிரேம், இலை முழுதாக மூழ்கும் ஃபிரேம். நடுவில் எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். 240-ல் ஒரு ஃபிரேம் என்பது ஏறத்தாழ 4 மில்லி விநாடி. ஐந்து ஸ்ட்ரோக்குக்கு எண்ணிச் சராசரி எடுங்கள். ஒற்றை ஸ்ட்ரோக்கை வைத்து முடிவு செய்தால் ஒரு சின்ன அலையே உங்களை ஏமாற்றிவிடும். மெதுவான 20 ஸ்ட்ரோக் வேகத்தில் ஒரு முறை, போட்டி வேகத்தில் ஒரு முறை எடுக்க வேண்டும். 20-ல் இல்லாத பிழை 32-ல் வருவது சகஜம். பல போன்களின் கேலரியில் ஸ்லோ மோஷன் வீடியோவின் தொடக்கமும் முடிவும் சாதாரண வேகத்தில் ஓடும், ஆகவே திரையில் ஓடும் விநாடிகளை நம்பாமல் ஃபிரேமை எண்ணுங்கள். வீடியோவைச் செய்திச் செயலியில் அனுப்பினால் சுருங்கிப்போகும். மூலக் கோப்பையே கேபிளில் எடுத்துக்கொள்ளுங்கள்.

டேப் திரும்பி வெகு நேரம் கழித்துத்தான் இலை மூழ்குகிறது என்று தெரிந்தால், அதற்கு அரை விநாடி பின்னால் போய்ப் பாருங்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். சீட் சறுக்கி வரும் ஸ்லைடின் கடைசியில் கைகள் பாதத்தை நோக்கிக் கீழே இறங்குகின்றனவா? அப்படியென்றால் மறுமுனையில் இலை வானத்தை நோக்கி எழும்பும், அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்து தண்ணீரைத் தொட நேரமாகும். அல்லது காற்றில் கிடையாக வரும் இலையைச் செங்குத்தாகத் திருப்புவதையே கடைசி நொடி வரை தள்ளிப்போடுகிறாளா? இளம் வீராங்கனைகளில் நான் பார்க்கும் "லேட் கேட்ச்"களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான். "சீக்கிரம் போடு, சீக்கிரம் போடு" என்று கத்துவதால் இது மாறாது. கைகளை மட்டமாக வைத்து வரச் சொன்னால், இலையைக் கிடையாகத் திருப்பாமலேயே சில நிமிடம் ஓட்டச் சொன்னால், மாறும்.

கோணங்கள் போட்ட அறிக்கையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கேட்ச் கோணம் என்பது துடுப்பு கிடைமட்டத்தில் எவ்வளவு தூரம் திரும்புகிறது என்பது. அதை மேலிருந்து பார்க்க வேண்டும், அல்லது துடுப்பு மாட்டும் கேட்டில் சென்சார் பொருத்த வேண்டும். பக்கவாட்டு வீடியோவில் கோடு இழுத்து 63.4 டிகிரி என்று தசமப் புள்ளியோடு தருபவர் உங்களுக்கு விற்பது வெறும் எண்ணை. உலக சாம்பியனின் படத்தை மகளின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி "இப்படி இருக்க வேண்டும்" என்பதும் அப்படித்தான். கால் நீளம் வேறு, ரிக்கர் அமைப்பு வேறு, உடல் வலு வேறு.

துடுப்பு வளைவது? போன் சென்சார் படத்தை வரி வரியாக வாசிக்கிறது. மேல்வரியை வாசித்துக் கீழ்வரிக்கு வருவதற்குள் துடுப்பு நகர்ந்திருக்கும், நேரான தண்டு வில்லாகத் தெரியும். கார்பன் தண்டு இழுக்கும்போது உண்மையிலேயே சற்று வளையும், அது அதன் இயல்பு. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: ரிகவரியில் (ஒரு இழுப்பு முடிந்து அடுத்ததற்குத் தயாராகும் கட்டத்தில்), இலை காற்றில் பாரமே இல்லாமல் போகும்போது பாருங்கள். அங்கேயும் வளைந்து தெரிந்தால் அது கேமராவின் பிழை. இதைத் தெரியாமல் எழுதினாரோ, துடுப்பு விற்பவரிடம் தரகு வாங்கிக்கொண்டு எழுதினாரோ, எப்படியும் அவர் சொல்லி நீங்கள் புதுத் துடுப்பு வாங்கக் கூடாது.

இன்னொன்று. உங்கள் மகள் சிறுமி. இப்படிப்பட்டவர்கள் வாடிக்கையாளர் வீடியோக்களையே விளம்பரமாகப் போடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே அனுப்பிய வீடியோவை அழிக்கச் சொல்லி இன்றே எழுத்தில் கேளுங்கள்.

உங்களைப் போன்ற பெற்றோர் இந்த ஆட்களிடம் போய்ச் சிக்குவதற்கு எங்கள் ரோயிங் பயிற்சி அமைப்பும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பயிற்சி முகாம்களில் மணிக்கணக்கில் வீடியோ எடுக்கிறோம். அது ஒரு ஹார்ட் டிஸ்க்கில் தூங்குகிறது. ஓட்டிய பிள்ளைக்கு ஒரு முறைகூடக் காட்டுவதில்லை. தேர்வென்று வந்தால் எர்கோமீட்டர் (தரையில் வைத்து வலிக்கும் பயிற்சி இயந்திரம்) நேரத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள், அந்த இயந்திரத்திலோ இலையும் கிடையாது, தண்ணீரும் கிடையாது, கேட்சைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது. வீடியோவை எப்படிப் பார்ப்பது என்று கோச்சுகளுக்கு ஒரு நாள் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தால், உங்கள் மகளின் கோச் "லேட்" என்பதோடு நிறுத்தாமல் ஏன் லேட் என்றும் காட்டியிருப்பார்.

எண்ணிய ஐந்து ஸ்ட்ரோக்குகளையும் மூலக் கோப்பையும் கோச்சிடம் எடுத்துப் போங்கள். மகளுக்கு முதலில் சாதாரண வேகத்தில் காட்டுங்கள், அப்புறம் ஸ்லோ மோஷனில். மெதுவாக்கினால் எல்லோருடைய ஸ்ட்ரோக்கும் அழகாகவே தெரியும், தாளம் கெட்டிருப்பது நிஜ வேகத்தில்தான் பிடிபடும். ஒரே நேரத்தில் ஒரு திருத்தம் மட்டும், அதுவும் கை உயரம் பற்றியது என்றால் அது மட்டும். மூன்று வாரம் கழித்து அதே இடத்தில், அதே ஸ்ட்ரோக் வேகத்தில், காற்று இல்லாத நாளில் மறுபடி எடுத்து ஃபிரேமை எண்ணுங்கள்.