தடித்த பழைய பாணி டைவ் வாட்ச் உங்கள் மணிக்கட்டில் அமருமா?

கேள்வி: என் மணிக்கட்டின் சுற்றளவு 16.5 செ.மீ. அறுபதுகளின் தோற்றத்தில் இப்போது தயாராகும் ஒரு டைவ் வாட்சை வாங்க விரும்புகிறேன். விட்டம் 41 மி.மீ., லக் முதல் லக் வரை 48 மி.மீ., தடிமன் 14.5 மி.மீ. என்று விவரக்குறிப்பு சொல்கிறது. விட்டத்தில் எனக்குக் குழப்பமில்லை. தடிமன்தான் தயங்க வைக்கிறது. முழுக்கைச் சட்டை அணிந்து மேசையில் அமர்ந்து வேலை செய்பவன் நான். கையில் கட்டிப் பார்க்காமலே முடிவெடுக்க வழி உண்டா?

பதில்: பெரும்பகுதியை வீட்டிலேயே முடிவு செய்துவிடலாம். 14.5 மி.மீ. என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏற்கவோ ஒதுக்கவோ வேண்டாம். ஒரே தடிமனுள்ள இரண்டு கடிகாரங்களில் ஒன்று கையோடு ஒட்டி அமர்வதையும், மற்றொன்று மேசைமேல் வைத்த டப்பாவைப் போல எழுந்து நிற்பதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தடிமன் எந்த இடத்தில் சேர்ந்திருக்கிறது, அதற்குக் கீழே உங்கள் மணிக்கட்டு எந்த வடிவில் இருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்தே விடையைத் தருகின்றன.

முதலில் மணிக்கட்டு. சுற்றளவு ஸ்ட்ராப்பின் நீளத்தைத் தேர்ந்தெடுக்க உதவும். கடிகாரத்தைத் தேர்ந்தெடுக்க அது போதாது. 16.5 செ.மீ. சுற்றளவுள்ள மணிக்கட்டை ஒரு நீள்வட்டமாகக் கருதினால், அது 60 மி.மீ. அகலமும் 44 மி.மீ. உயரமும் கொண்ட தட்டையான கையாக இருக்கலாம், 54 மி.மீ. அகலமும் 51 மி.மீ. உயரமும் கொண்ட உருண்டையான கையாகவும் இருக்கலாம். முதல் கைக்கு எளிதாகப் பொருந்தும் கடிகாரம் இரண்டாவது கையில் ஓரங்களைத் தொட்டுவிடும். ஆகவே கடிகாரம் கட்டும் இடத்தில், மணிக்கட்டு எலும்பின் புடைப்பைத் தாண்டி முழங்கைப் பக்கமாகச் சற்று மேலே, மணிக்கட்டின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். வெர்னியர் அளவி இல்லையென்றால், கையை மேசைமேல் தட்டையாக வைத்து இருபுறமும் இரண்டு புத்தகங்களைச் செங்குத்தாக நிறுத்தித் தோலைத் தொடும்வரை நகர்த்தி, இடைவெளியை அளவுகோலால் அளந்தால் போதும்.

இந்த அகலத்தோடு ஒப்பிட வேண்டியது விட்டத்தையன்று, லக் முதல் லக் வரையிலான நீளத்தை. லக் என்பவை ஸ்ட்ராப்பைப் பிடித்திருக்கும் நான்கு கால்கள். மேலிரண்டின் நுனியிலிருந்து கீழிரண்டின் நுனி வரையிலான நீளமே கையின் குறுக்கே கிடக்கும் நீளம். மேலிருந்து நேராகப் பார்க்கும்போது இந்த நுனிகளுக்கு வெளியே இருபுறமும் குறைந்தது 3 மி.மீ. அளவுக்காவது தோல் தெரிய வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. உங்கள் கை 60 மி.மீ. அகலமாக இருந்தால் 48 மி.மீ. நீளமுள்ள கடிகாரத்துக்கு இருபுறமும் 6 மி.மீ. கிடைக்கிறது, 54 மி.மீ. என்றால் 3 மி.மீ. மட்டுமே கிடைக்கிறது, அதாவது நீங்கள் எல்லையில் நிற்கிறீர்கள்.

விட்டம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குப் பழைய டைவ் வாட்ச் வடிவங்களே நல்ல சாட்சி. 1967-இல் வந்த டோக்சா சப் 300-இன் இன்றைய மறுவடிவம் 42.5 மி.மீ. அகலமுடையது, அதன் நீளமோ 45 மி.மீ. மட்டுமே, ஏனென்றால் பீப்பாய் போன்ற அதன் உடலிலிருந்து லக்குகள் தனியாக நீட்டிக்கொண்டிருப்பதில்லை. சீகோவின் டர்டில் ஏறத்தாழ 45 மி.மீ. அகலம் இருந்தும் 48 மி.மீ. நீளத்துக்குள் அடங்கிவிடுகிறது. இவற்றை எண்ணளவில் பார்த்து அஞ்சியவர்கள் கையில் கட்டியதும் வியந்ததுண்டு. இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உலோகச் செயினோடு வாங்குவதாக இருந்தால், லக்குகளுக்கு நடுவே பொருந்தும் முதல் இணைப்பு சில கடிகாரங்களில் நுனியைத் தாண்டி வெளியே நீண்டு, மடங்காமல் விறைத்து நிற்கும். அப்போது உண்மையான நீளம் விவரக்குறிப்பில் உள்ளதைவிட இரண்டு மூன்று மி.மீ. கூடுதலாகிவிடும், இதை யாரும் எண்ணில் எழுதுவதில்லை, படத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி உங்கள் தயக்கத்துக்குக் காரணமான தடிமன். டைவ் வாட்ச் தடிப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. 200 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 20 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழுகிறது, 30 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிக்கு அது மொத்தம் சுமார் 140 கிலோ. அதைத் தாங்கும் கண்ணாடியும் பின்மூடியும் மெல்லியதாக இருக்க முடியாது. டைவ் வாட்சுகளுக்கான ஐஎஸ்ஓ 6425 தரம் குறைந்தபட்சம் 100 மீட்டர் ஆழத்துக்கான தாங்குதிறனைக் கேட்பதோடு, குறிப்பிட்ட அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலான அழுத்தத்தில் சோதிக்கவும் சொல்கிறது. இவற்றோடு கண்ணாடியைச் சுற்றியுள்ள பெசல் என்னும் சுழலும் வளையமும் அதன் கீழுள்ள ஸ்பிரிங்கும் சேர்கின்றன. உள்ளே ஓடும் இயந்திரத்தின் பங்கும் சிறியதல்ல: பல நிறுவனங்கள் பயன்படுத்தும் சீகோவின் என்.எச்.35 ஆட்டோமேட்டிக் இயந்திரம் 5.32 மி.மீ. உயரமுடையது, இடிஏ 2824-2 என்றால் 4.6 மி.மீ.; இடிஏ 2892-ஏ2 என்றால் 3.6 மி.மீ. தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் இரு கடிகாரங்களுக்கிடையே ஒன்றரை மி.மீ.க்கும் மேலான வேறுபாடு இதிலிருந்தே வந்துவிடலாம்.

ஆனால் அந்த 14.5 மி.மீ.யும் ஒரே சுவராக நிற்பதில்லை. பக்கவாட்டுப் படம் ஒன்றைத் தேடி எடுத்து, கண்ணாடி, பெசல், நடு உடல், பின்மூடி என்று நான்கு அடுக்குகளாக அதைப் பிரித்துப் பாருங்கள். பழைய பாணிக் கடிகாரங்களில் கண்ணாடி பெரும்பாலும் குவிந்து மேலெழும். அதற்கே 2 மி.மீ. வரை போய்விடலாம். அந்த உயரம் ஒளியை ஊடுருவ விடுவதால் கண்ணுக்குப் பாரமாகத் தெரியாது, சட்டைக் கையும் அதன் சரிவில் வழுக்கி ஏறிவிடும். பின்மூடியின் புடைப்போ தோலுக்குள் சற்று அமிழும்; சதைப்பற்றுள்ள கையில் அதன் பெரும்பகுதி மறைந்துபோகும். கண்ணுக்கும் கைக்கும் எஞ்சி நிற்பது நடு உடலும் பெசலும்தான். இவ்விரண்டும் சேர்ந்து 9 அல்லது 10 மி.மீ. என்றால் கவலை வேண்டாம். 12 மி.மீ. வரை நேர்ச்சுவராக எழுந்தால், மொத்தத் தடிமன் குறைவாக எழுதப்பட்டிருந்தாலும் அது கையில் கட்டியாகத்தான் தெரியும்.

டியூடர் நிறுவனத்தின் இரண்டு கடிகாரங்கள் இதை நன்கு விளக்கும். 2012-இல் தொடங்கிய பிளாக் பே வரிசையில் நிறுவனத்தின் சொந்த இயந்திரம் பொருத்தி வந்த 41 மி.மீ. வடிவத்தின் தடிமன் 15 மி.மீ.யை நெருங்கியது. அதன் பக்கச் சுவர் சரிவில்லாமல் நேராக இறங்குவதே அதைப் பற்றி மக்கள் சொன்ன முதன்மையான குறை. 2018-இல் 39 மி.மீ. விட்டமும் 11.9 மி.மீ. தடிமனும் கொண்ட ஃபிஃப்டி எய்ட் வந்தபோது, பெரிய வடிவத்தைத் தவிர்த்த பலர் அதைத் தயங்காமல் ஏற்றார்கள். விட்டம் 2 மி.மீ. மட்டுமே குறைந்தது, கையில் உணரப்பட்ட மாற்றம் அதைவிடப் பெரியது, காரணம் குறைந்த சுவர்.

பக்கவாட்டுப் படத்தில் நான் மிகவும் கூர்ந்து பார்ப்பது லக் நுனிக்கும் பின்மூடிக்கும் உள்ள உறவு. கடிகாரத்தை ஒரு மேசைமேல் வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். லக்குகள் வளைந்து இறங்கி அவற்றின் நுனிகள் பின்மூடியின் மட்டத்துக்கோ அதற்குச் சற்றுக் கீழோ வந்தால், ஸ்ட்ராப் அங்கிருந்தே கையைச் சுற்றத் தொடங்கும். கடிகாரம் கையை அணைத்துக்கொள்ளும். நுனிகள் மேசைக்கு 2 அல்லது 3 மி.மீ. மேலேயே நின்றுவிட்டால், முழு எடையும் பின்மூடியின் மீது குவிந்து, கை அசையும்போதெல்லாம் கடிகாரம் அச்சாணியில் ஆடும் தட்டுபோலப் பக்கவாட்டில் சாயும். ஆரம்ப காலத்தில் நான் விரும்பி வாங்கிய ஒரு தடித்த டைவ் வாட்ச் இப்படித்தான் இருந்தது; எந்தத் துளையில் கட்டினாலும் அரை மணி நேரத்தில் கிரௌன், அதாவது நேரம் திருத்தும் பக்கக் குமிழ், இருக்கும் பக்கமாகச் சரிந்துவிடும். அழகில் குறையொன்றும் சொல்ல முடியாத அந்தக் கடிகாரத்தை நான் கட்டாமலே விட்டதற்கு வேறு காரணமில்லை. அன்று முதல், லக் வளைவைக் காட்டும் படம் கிடைக்காத கடிகாரத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

உயரம் கூடும்போது எடையும் கையிலிருந்து விலகி மேலே போகிறது. ஆகவே தடித்த கடிகாரத்துக்கு எதிர் எடை தேவை. உலோகச் செயின் அந்த எடையை மணிக்கட்டின் அடிப்பக்கத்தில் தருவதால், மொத்த எடை கூடினாலும் ஆட்டம் குறையும். செயின் பிடிக்காதவர்களுக்குக் கெட்டியான ரப்பர் ஸ்ட்ராப் நல்லது. அது வழுக்காமல் தோலைப் பற்றிக்கொள்ளும். கடிகாரத்தின் அடியில் நுழைத்துக் கட்டும் நைலான் நேட்டோ ஸ்ட்ராப் பழைய டைவ் வாட்சுகளுக்கு அழகாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது பின்மூடிக்குக் கீழே இரண்டு மடிப்பாகச் சென்று ஏறத்தாழ 2 மி.மீ.க்கு மேல் உயரத்தைக் கூட்டும், 14.5 மி.மீ. கடிகாரத்துக்கு அதை நான் சொல்லமாட்டேன். அந்தத் துணியைத்தான் விரும்புகிறீர்கள் என்றால் ஒற்றை மடிப்பில் செல்லும் வகையைத் தேடுங்கள். எஃகுக்குப் பதில் டைட்டானியத்தில் அதே கடிகாரம் கிடைத்தால் உடலின் உலோக எடை நாற்பது விழுக்காட்டுக்கு மேல் குறையும். தடிமன் மாறாவிட்டாலும் அதன் தொல்லை குறையும்.

கிரௌன் பற்றிச் சிறு குறிப்பு. தடித்த கடிகாரத்தில் 3 மணி இடத்திலுள்ள பெரிய கிரௌன், கையைப் பின்னுக்கு வளைக்கும்போது புறங்கையை அழுத்தும். சீகோ பலவற்றில் செய்திருப்பதுபோல அது 4 மணிப் பக்கமாக இறங்கியிருந்தால் இந்த இடைஞ்சல் மிகவும் குறைகிறது.

இப்போது வீட்டுச் சோதனை. கெட்டியான அட்டையில் 41 மி.மீ. விட்டமுள்ள வட்டங்கள் பலவற்றை வெட்டி, 12 மி.மீ. உயரம் வரும்வரை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். பின்மூடி அமிழும் அளவையும் கண்ணாடியின் குவிவையும் கழித்தே 12 என்கிறேன். அடியில் 48 மி.மீ. நீளமும் 22 மி.மீ. அகலமும் உள்ள ஒரு பட்டையை லக்குகளுக்காக ஒட்டி, நாடாவால் கையில் கட்டிக்கொள்ளுங்கள். எடை தெரிய வேண்டுமானால் நடுவில் சில நாணயங்களை வைத்து ஒட்டலாம். பிறகு முழுக்கைச் சட்டையை அணிந்து கைப்பொத்தானைப் போடுங்கள்; மேசையில் எழுதுங்கள், தட்டச்சு செய்யுங்கள், பையின் வாரைத் தோளில் மாட்டுங்கள். பொத்தான் போட்ட கை அட்டையின் மேல் தடையில்லாமல் ஏறி இறங்கினால் உங்கள் அலுவலக வாழ்க்கைக்கு அந்த உயரம் ஒத்துவரும். இறுக்கிப் பிடித்தால், சட்டையின் பொத்தானை மாற்றித் தைப்பதா, கடிகாரத்தை விடுவதா என்ற கேள்வி வரும். நாள்தோறும் முழுக்கை அணிபவர் கடிகாரத்தை விடுவதே நல்லது. பெசலின் ஓரத்தில் ஆழமான பற்கள் வெட்டப்பட்டிருந்தால், காலப்போக்கில் அவை சட்டைக் கையின் ஓரத்தை அரிக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இந்தச் சோதனையைக் கைபேசியில் மிக அருகிலிருந்து படமெடுத்துத் தீர்மானிக்க வேண்டாம். அருகிலுள்ள பொருளைக் கைபேசிப் படம் பெரிதாக்கியும் பின்னுள்ள கையைச் சிறிதாக்கியும் காட்டும். கையைவிட 12 மி.மீ. மேலே நிற்கும் தடித்த கடிகாரத்துக்கு இந்தத் திரிபு இன்னும் கூடுதல். ஆளுயரக் கண்ணாடியின் முன் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கையைத் தொங்கவிட்டும் மார்பருகே மடக்கியும் பாருங்கள். பிறர் காண்பது அந்த அளவைத்தான்.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். அளந்து பார்த்ததில் மணிக்கட்டின் அகலம் 56 மி.மீ. அல்லது அதற்கு மேல் வந்து, பக்கவாட்டுப் படத்தில் லக்குகள் பின்மூடியின் மட்டம்வரை இறங்கி, சட்டைக் கையும் அட்டையைத் தாண்டிச் சென்றால், அந்தக் கடிகாரத்தைச் செயினோடோ ரப்பர் ஸ்ட்ராப்போடோ தயங்காமல் வாங்குங்கள், 14.5 மி.மீ. ஒரு வாரத்தில் பழகிவிடும். 54 மி.மீ.க்கு அருகில் வந்தால், திருப்பிக் கொடுக்கும் வசதியுள்ள இடத்தில் மட்டும் வாங்கி, பாதுகாப்புப் படலத்தைப் பிரிக்காமல் வீட்டுக்குள்ளேயே ஒரு மாலை முழுவதும் கட்டிப் பாருங்கள். லக் நுனிகள் உயர்ந்து நின்றால், அகலம் எதுவானாலும் வேண்டாம். அதே பாணியில் ஏறத்தாழ 13 மி.மீ. தடிமனில் நல்ல கடிகாரங்கள் இருக்கின்றன. 1965-இல் சீகோ வெளியிட்ட தன் முதல் டைவ் வாட்சைத் தழுவி 2020-இல் கொண்டுவந்த எஸ்பிபி143 விட்டம் 40.5, நீளம் 47.6, தடிமன் 13.2 மி.மீ. என்ற அளவில், உங்கள் கையளவுக்கு முதலில் பார்க்கத் தகுந்தது.

எதை வாங்கினாலும், கட்டும்போது மணிக்கட்டு எலும்பை விட்டு ஒரு விரல் அளவு மேலே கட்டுங்கள். வெப்பத்தில் கை சற்று வீங்கும் என்பதால், கருவியில்லாமலே ஓரிரு படிகள் தளர்த்தக்கூடிய கொக்கி உள்ள செயினைத் தேர்ந்தெடுங்கள். தளர்வாகத் தொங்கும் தடித்த கடிகாரம் நாள் முழுவதும் எலும்பில் இடிக்கும். காலையில் இறுக்கமாகவும் பிற்பகலில் ஒரு படி தளர்த்தியும் அணிந்தால் அதே கடிகாரம் கையில் இருப்பதே தெரியாது.