ஒரே ஒருவர் நடித்த நாடகங்களில் உங்களை உலுக்கியது எது?

தயங்காமல் சொல்வேன், ‘சால்ட்’. ஆங்கில நாடகம். உப்பு என்பதுதான் தலைப்பு. எழுதியவர் செலினா தாம்சன், பர்மிங்காமைச் சேர்ந்த கறுப்பினப் பெண். ஆரம்பத்தில் அவரே நடித்தார், 2017-ல் எடின்பரோ விழாவில் விருதும் வாங்கினார். நான் பார்த்தது 2019-ல், லண்டன் ராயல் கோர்ட் அரங்கில். அப்போது நடித்தவர் ரோஷெல் ரோஸ்.

கதை செலினாவின் சொந்த அனுபவம். “உனக்கு எந்த ஊர்?” என்று பிறந்த நாட்டிலேயே கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு பெண் என்னதான் செய்வாள்? அவர் 2016 பிப்ரவரியில் சரக்குக் கப்பல் ஏறினார். இங்கிலாந்து, கானா, ஜமைக்கா, திரும்ப இங்கிலாந்து. அடிமை வணிகக் கப்பல்கள் போய்வந்த அதே முக்கோணப் பாதை. போன கப்பலிலும் நிம்மதி இல்லை. கறுப்பின மக்களை இழிசொல்லால் பேசும் ஒரு கப்பல் தலைவன், சுற்றிலும் கடல், இறங்கிப் போக வழியில்லை.

அந்தக் கடலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுமார் 1.25 கோடி ஆப்பிரிக்கர்களை அட்லாண்டிக் வழியே கடத்தினார்கள். அதில் 18 லட்சம் பேர்வரை வழியிலேயே இறந்தார்கள். பிணங்களைக் கடலில் போட்டுவிட்டுக் கப்பல்கள் நகர்ந்தன. கல்லறை கிடையாது, போய் அழ ஓர் இடம் கிடையாது. இந்த நாடகத்தில் கடல்தான் மயானம். அந்தத் தண்ணீரில் கையில் பிடிக்க முடிவது உப்பு ஒன்றுதான். அப்புறம் வியர்வை, கண்ணீர் எல்லாமே உப்புதானே?

மேடையில் ஒரு பெரிய உப்புப் பாறை இருக்கும். முன்வரிசைக்காரர்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கொடுப்பார்கள், எனக்கும் கொடுத்தார்கள். வெள்ளை உடையில் நிற்கும் அந்தப் பெண் பெரிய சம்மட்டியைத் தூக்கிப் பாறையை அடிக்கிறாள். உடைந்த துண்டுகளுக்குப் பெயர் வைக்கிறாள். இது கப்பல் தலைவன், இது அரசு, இது ஏகாதிபத்தியம். அவளுக்கு மூச்சு வாங்குகிறது, கை தளர்கிறது, மறுபடி தூக்குகிறாள். சில்லுகள் தெறிக்கும்போது கண்ணாடி போட்டிருந்தும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். இனவெறியைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். அது ஒரு உடம்பை இவ்வளவு களைக்கவைக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

துக்கத்தை ஆற்றிவிட இந்த நாடகம் அவசரப்படவே இல்லை, எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். போய்ப் பார்த்தாகிவிட்டது, மனம் லேசாகிவிட்டது என்று முடிக்காமல், இதோடுதான் இனி வாழ வேண்டும் என்கிறாள் அந்தப் பெண்.

வெளியே வரும்போது ஆளுக்கு ஒரு துண்டு உப்பு கொடுத்தார்கள். என்னுடையது நெல்லிக்காய் அளவு. சமையலறை ஜன்னலோரம் ஒரு கிண்ணத்தில் வைத்திருக்கிறேன். மழை நாட்களில் அதன் மேல் ஈரம் பூத்து, கிண்ணத்தின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கும்.