மூன்று வாரமாக விடாத காய்ச்சல்

கேள்வி: என் கணவருக்கு வயது 49. நெல் விவசாயம். ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். நடவு முடிந்ததிலிருந்து மூன்று வாரமாகக் காய்ச்சல். மருந்துக் கடைப் பொட்டலத்தைச் சாப்பிட்டால் வியர்த்து இறங்குகிறது. மறுநாள் மாலை மறுபடியும் கொதிக்கிறது. மலேரியா இல்லை என்றார்கள். ஊசி போட்டால் சரியாகிவிடுமா?
- ஒரு வாசகி, பெகு, பர்மா

பதில்: ஆகாது, சகோதரி. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மீதமுள்ள பொட்டலத்தையும் கையோடு கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். இப்படிக் கட்டித் தரும் கலவையில் ஸ்டீராய்டும் இருப்பதுண்டு. அது காய்ச்சலை அமுக்கிவிட்டுச் சர்க்கரையை ஏற்றிவிடும். அரைகுறை ஆன்டிபயாடிக்கோ சோதனையில் கிருமி அகப்படாமல் செய்துவிடும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் டாக்டர் இல்லையே!

வாரக்கணக்கில் காய்ச்சல் என்றால் நம் நாட்டில் முதல் சந்தேகம் காசநோய்தான். இருமல், எடைக் குறைவு, இரவு வியர்வை உண்டா என்று பாருங்கள். டைபாய்டும் இருக்கலாம். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த புண் இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக (ஸ்க்ரப் டைபஸ்) இருக்கலாம். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்குக்குச் சட்டென்று அடங்கும். மலேரியாவையும் ஒரே சோதனையோடு விட்டுவிடக் கூடாது. மூட்டுவாதம், இரத்தப் புற்று, ஏன், சாப்பிடும் மருந்தேகூடக் காய்ச்சலைத் தரலாம்.

ஆனால் சர்க்கரை, சேற்று வயல், மழைக்காலம் மூன்றும் சேர்ந்திருப்பதால் என் மனம் மெலியாய்டோசிஸ் பக்கம்தான் போகிறது. இந்த நோயை மருத்துவ உலகுக்கு முதலில் அறிவித்ததே நம் ரங்கூன்தான். ஆல்பிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் 1912இல் அதைப் பற்றி எழுதினார்கள். வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமியால் வருவது இது. அந்தக் கிருமி கால் வெடிப்பு வழியாகவே உள்ளே போய்விடும். நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ் கட்டும். எக்ஸ்ரேயில் பார்த்தால் காசநோய் என்றே தோன்றும்.

ஆகவே டாக்டரிடம், “ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் பிளட் கல்ச்சர் (இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்கலாமா?” என்று கேளுங்கள். சளிச் சோதனை, எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், எச்.ஐ.வி. சோதனை ஆகியவையும் தேவைப்படும். நிலைமை மோசம் என்று அவர் உடனே மருந்தைத் தொடங்கினால் தடுக்க வேண்டாம்.

மெலியாய்டோசிஸ் என்று உறுதியானால் செஃப்டசிடைம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள் நரம்பில் ஏறும்; அதற்குப் பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது 3 மாதம். காய்ச்சல் விட்டதே என்று நடுவில் நிறுத்துபவர்களுக்குத்தான் அதிகமாக நோய் திரும்புகிறது. காசநோய் என்றாலும் கூட்டு மருந்தை வழக்கமாக 6 மாதம் சாப்பிட்டாக வேண்டும்.

சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மூச்சுத் திணறலோ உளறலோ வந்தாலும், சிறுநீர் குறைந்தாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள்; இரவோடு இரவாகக் கிளம்புங்கள். குணமான பின் வயலில் இறங்க முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். வெறுங்காலில் நடவுக்குப் போகவே கூடாது.