அம்மாவுக்கு 43 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். எனக்கு 27. மரபணுப் பரிசோதனை இப்போதே செய்துகொள்ளலாமா?

செய்யலாம். ஆனால் முதலில் கொடுக்கும் ரத்தம் உங்களுடையதாக வேண்டாம், அம்மாவுடையதாக இருக்கட்டும். சிகிச்சை முடிந்து அம்மா நன்றாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இது முடியும். அதற்கும் முன்னால் ஒரு நோட்டு எடுத்து, இரண்டு பக்கத்துச் சொந்தங்களையும் எழுதுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வரிசையை மாற்றிச் செய்து தவித்தது எங்கள் வீடு.

எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். அக்காவுக்கு 39 வயதில் மார்பில் கட்டி வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "அம்மா வழியில யாருக்கும் இருந்துச்சா?" என்றுதான் கேட்டார்கள். இல்லை. அம்மாவைப் பெற்ற ஆச்சி 84 வயது வரை திடமாக இருந்தார். அப்படியானால் பரம்பரை இல்லை என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். அப்பா வழியை ஒருவரும் கேட்கவில்லை. பெண்களுக்கு வரும் நோய் பெண் வழியாகத்தான் வரும் என்று நம் ஊரில் ஆழமாக ஒரு நினைப்பு இருக்கிறது. அது தவறு. அநேகமாக ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. பழுதான பிரதி அப்பாவிடம் இருந்தாலும், அது மகளுக்கோ மகனுக்கோ போக 50 சதவீத வாய்ப்பு உண்டு.

என் தங்கை பயந்துபோய், யாரிடமும் கேட்காமல் பணம் கட்டி, எச்சிலைக் குப்பியில் அனுப்பினாள். ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. வீடே மூச்சு விட்டது. அந்தப் பரிசோதனை மரபணுவில் ஒருசில இடங்களை மட்டும் பார்ப்பது என்று பிறகுதான் தெரிந்தது. எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் தேடிக் கிடைக்கவில்லை என்பதற்கு என்ன அர்த்தம்?

அப்புறம்தான் சென்னையில் ஒரு மரபியல் ஆலோசகரைப் பார்த்தோம். ஒரு மணி நேரம் அவர் ஊசியையே எடுக்கவில்லை. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு என்று மூன்று தலைமுறையை வரைந்தார். "அப்பாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், யார் எந்த வயதில், எதனால் இறந்தார்கள்?" என்றார். எங்களுக்குப் பாதி தெரியவில்லை.

அந்த வருஷம் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் எல்லாரும் கூடியபோது நோட்டோடு உட்கார்ந்தேன். அத்தை எதில் இறந்தாள் என்று கேட்டதற்குச் சித்தப்பா சொன்னார்: "அவளுக்கு மகோதரம்லா. வயிறு பானை கணக்கா வீங்கி, மூணு மாசத்துல போயிட்டா. புத்துநோயெல்லாம் நம்ம வீட்ல கிடையாது." அத்தைக்கு அப்போது 48 வயது. அதை ஆலோசகரிடம் சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதற்குக் கல்லீரல் முதல் பல காரணங்கள் உண்டு. ஆனால் அந்த வயதுப் பெண்ணுக்குச் சினைப்பைப் புற்றுநோயும் அப்படித்தான் வெளியே தெரியும். அப்பாவுக்கு வந்த புராஸ்டேட் புற்றுநோயையும் சேர்த்து வைத்தபோது படம் மாறிவிட்டது. உங்கள் வீட்டிலும் "மகோதரம்", "வயித்துக் கட்டி", "தீராத வியாதி" என்று யாரையாவது சொன்னால் அதை அப்படியே, வயதோடு எழுதுங்கள்.

அக்காவின் ரத்தத்தில் பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவில் நோய் உண்டாக்கும் மாற்றம் இருந்தது. 1995இல் கண்டுபிடித்த மரபணு இது. இதில் பழுது உள்ள பெண்களில் 100க்கு 45 முதல் 69 பேருக்கு 70, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோயும், 11 முதல் 17 பேருக்குச் சினைப்பைப் புற்றுநோயும் வருகிறது. பயப்பட வைக்கும் எண்தான். ஆனால் மார்பகப் புற்றுநோய் வரும் எல்லாரையும் எடுத்துக்கொண்டால், 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் அது பரம்பரையாக வருகிறது. அதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை: "அத்தான் சொந்தமா?" அக்காவைக் கட்டியவர் அந்த அத்தையின் மகன்தான். அதாவது அதே பழுது அவருக்கும் வந்திருக்கலாம். இரண்டு பிரதியும் பழுதாகப் பிறக்கும் குழந்தைக்கு ஃபேன்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய் வரும். அக்கா பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் இல்லை என்றாலும் அத்தானையும் பார்த்தோம். அவருக்கு இல்லை. சொந்தத்தில் கட்டியதால் இந்தப் புற்றுநோய் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஒரு பழுதான பிரதியே இதற்குப் போதும். ஆனால் குடும்ப மரம் எழுதும்போது யார் யாரைக் கட்டினார்கள் என்பதைக் கட்டாயம் குறியுங்கள்.

எந்த இடத்தில் பழுது என்று தெரிந்த பிறகு, மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். தங்கைக்கு இல்லை, இந்த முறை அதற்கு அர்த்தம் இருந்தது. எனக்கு இருக்கிறது. ஆண் என்பதால் கவலையில்லை என்று கிடையாது. இந்தப் பழுது ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும். அதை முன்கூட்டியே கண்டறிய உதவும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையை 40 வயதிலிருந்து வருஷா வருஷம் செய்துகொள்கிறேன். அக்கா பிள்ளைகள் பெற்று முடித்தவள், டாக்டர்களோடு பலமுறை பேசிவிட்டு, சினைப்பைகளை எடுத்துக்கொண்டாள். உடனே மாதவிடாய் நின்றுபோகும், உடம்பு எரியும், எலும்பு பலவீனமாகும் என்பதையெல்லாம் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். அவள் மகளுக்கு 16 வயது. அவளுக்கு இப்போது பார்க்கக்கூடாது. 18 தாண்டி, அவளே முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

"வெளியே சொல்லாதே, பிள்ளைக்கு மாப்பிள்ளை அமையாது" என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. ஆனால் சித்தப்பா மகள்களுக்குச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. நேரில் போய்ச் சொன்னேன். ஒருத்தி பரிசோதனை செய்துகொண்டாள், ஒருத்தி வேண்டாம் என்றாள். இரண்டுமே அவரவர் உரிமை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு 50 வயதுக்குள் வந்திருப்பதே அவரைப் பரிசோதிக்கப் போதுமான காரணம். அவருக்குப் பழுது இருந்தால் நீங்கள் அந்த இடத்தை மட்டும் பாருங்கள். உங்களுக்கும் இருந்தால் வருஷத்துக்கு ஒரு மார்பக எம்.ஆர்.ஐ. இப்போதே தொடங்க வேண்டும், 30 வயதிலிருந்து மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் சேரும். அம்மாவுக்கு இல்லை என்று வந்தால் உங்களுக்குப் பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படாது. ஆனாலும் அம்மாவுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னாலிருந்து, அதாவது 33 வயதிலிருந்து, மேமோகிராம் எடுப்பது பற்றி டாக்டரிடம் பேசுங்கள். சில சமயம் "பொருள் தெரியாத மாற்றம்" என்று, அதாவது நோய் உண்டாக்குமா இல்லையா என்று இன்னும் தெரியாத மாற்றம் என்று, மூன்றாவதாக ஒரு முடிவும் வரும். அதை வைத்து எந்த அறுவைச் சிகிச்சைக்கும் சம்மதிக்காதீர்கள்.

வேலூர் சி.எம்.சி.யில் மரபியல் துறை உண்டு. பயணம் கஷ்டம் என்றால் வீடியோவில் பேசும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். போகும்போது அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட்டைக் கொண்டு போங்கள். கட்டி எந்த வகை என்று காட்டும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்ற மூன்று வரி அதில் இருக்கும். ஆலோசகர் நிச்சயம் கேட்பார். மூன்றும் நெகட்டிவ் என்றால் பரம்பரைப் பழுது இருக்கும் வாய்ப்பு கூடுதல், அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.