மாத்திரை கேட்டீர்கள், ஸ்கேன் எழுதித் தருகிறேன்

"வயது 19. கும்பகோணத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் பாபநாசம் பக்கம். நண்பருடன் இரண்டு முறை உறவு ஏற்பட்டது. முதல் முறைக்கு மறுநாள், பெங்களூரில் படிக்கும் தோழி வைத்திருந்த அவசர கருத்தடை மாத்திரையைப் போட்டேன். பத்து நாள் கழித்து இரண்டாவது முறை, அப்போது மாத்திரை போடவில்லை. நடுவில் இரண்டு நாள் லேசாக ரத்தம் பட்டது. இப்போது மாதவிலக்கு 16 நாள் தள்ளிப்போயிருக்கிறது. 3 நாளாக வலது அடிவயிற்றில் வலி. வீட்டில் மீதியிருந்த அசித்ரோமைசின் ஆன்டிபயாடிக் போட்டும் போகவில்லை. வெள்ளைப்படுகிறது, முகப்பரு வருகிறது, முடி கொட்டுகிறது. நெட்டில் தேடினால் எய்ட்ஸ் என்கிறார்கள், புற்றுநோய் என்கிறார்கள், இனிமேல் குழந்தையே பிறக்காது என்கிறார்கள். எங்கள் ஊர் டாக்டர் அப்பாவுக்கு நெருக்கம், அவரிடம் போக முடியாது. மாதவிலக்கு வருவதற்கு ஒரு மாத்திரை மட்டும் சொல்லுங்கள் டாக்டர்."

பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

*

உங்கள் கடிதம் வந்த அன்றே மின்னஞ்சலில் ஒரு வரி அனுப்பிவிட்டேன்: எந்த மாத்திரையும் போடாதீர்கள், இன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுங்கள். இந்த மாதிரி கேள்விக்கு அச்சில் பதில் வரும்வரை காத்திருக்கக் கூடாது. இங்கே எழுதுவது, இதே நிலையில் யாரிடமும் கேட்காமல் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து.

முகப்பருவும் முடியும் ஓரமாக இருக்கட்டும். கடிதத்தைப் படித்தபோது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவை மூன்று விஷயங்கள். மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறது. நடுவில் கொஞ்சம் ரத்தம் பட்டிருக்கிறது. அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலிக்கிறது. இந்த மூன்றும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வந்தால், கரு கருப்பைக்குள் தங்காமல் கருக்குழாயில் தங்கிவிட்டதா என்றுதான் நாங்கள் முதலில் பார்ப்போம். இல்லை என்று தெரியும்வரை, இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்வோம்.

"அதுதான் மாத்திரை போட்டேனே" என்று நீங்கள் நினைக்கலாம். அவசர மாத்திரை செய்யும் வேலை ஒன்றுதான்: கருமுட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடுகிறது. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. முட்டை ஏற்கெனவே வந்துவிட்டால் அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. முக்கியமாக, அது முடிந்துபோன உறவுக்கு மட்டும்தான். உங்களுக்கு என்ன நடந்திருக்கலாம் என்றால், மாத்திரை முட்டையைச் சில நாள் தள்ளிவைத்தது, அந்த முட்டை சரியாக உங்கள் இரண்டாவது முறையின்போது வெளியே வந்தது. நடுவில் பட்ட ரத்தமும் ஆளை ஏமாற்றும். அவசர மாத்திரைக்குப் பிறகு லேசாக ரத்தம் படுவது சகஜம், அதையே மாதவிலக்கு என்று கணக்கு வைத்துக்கொண்டு நிம்மதியாகிவிடுகிறார்கள்.

கருக்குழாய் ஒரு கருவை வளர்க்கிற அளவுக்கு விரியாது. வாரங்கள் போனால் வெடிக்கலாம். அப்போது ரத்தம் வெளியே கொஞ்சமாகத்தான் தெரியும், வயிற்றுக்குள்தான் கொட்டும். எழுந்தால் தலை சுற்றும், மயக்கம் வரும், தோள்பட்டை நுனியில் வலிக்கும், மலம் வருவது போல ஆசனவாயில் அழுத்தும். தோளில் வலி வந்ததும் தைலம் தேய்க்காதீர்கள். வயிற்றில் தேங்கிய ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையை உறுத்துவதால் வருகிற வலி அது. இதில் ஒன்று வந்தாலும் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். இன்னொன்று: திடீரென்று வலி குறைந்துவிட்டால் சரியாகிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். குழாய் வெடித்த பிறகும் சில பேருக்குக் கொஞ்ச நேரம் வலி தணியும்.

எங்கே போவது? உங்கள் ஊர் டாக்டரிடம் போக வேண்டியதில்லை. அவரிடம் இதற்கான ஸ்கேனும் அறுவை அரங்கும் இருக்கப்போவதில்லை. கும்பகோணம் அரசு தலைமை மருத்துவமனை, தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனை, இரண்டிலும் சீமாங் எனப்படும் அவசர மகப்பேறு மையம் உண்டு, 24 மணி நேரமும் மகப்பேறு மருத்துவர் இருப்பார். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, பிறகு ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் அளவு, பிறகு ஸ்கேன். கடையில் வாங்கும் கார்டு கர்ப்பம் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும், எங்கே இருக்கிறது என்று சொல்லாது. குழாயில்தான் இருக்கிறது என்றாலும் சீக்கிரம் கண்டுபிடித்தால் பல பேருக்கு ஊசி மருந்திலேயே கரைத்துவிடலாம், குழாயும் மிஞ்சும். வலது பக்கம் என்பதால் குடல்வால் வீக்கமாகவும் இருக்கலாம். அதற்கும் வழி ஆஸ்பத்திரிதான், மீதி அசித்ரோமைசின் இல்லை.

அங்கே டூட்டி டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்பதாக இருக்கும். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் உறவு உண்டா என்பதை அப்படித்தான் கேட்கிறார்கள். நல்ல பழக்கம் இல்லை, ஆனாலும் அப்படித்தான். நீங்கள் "இல்லை" என்றதும் அவர் உங்களை வயிற்றுவலிக் கேஸாக எழுதி, வாயு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக்கூடும். "ஆகவில்லை, ஆனால் உறவு இருந்தது, கடைசி மாதவிலக்கு இந்தத் தேதி, மாத்திரை இந்தத் தேதி" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் பாதி வைத்தியம்.

சரி, உங்கள் உண்மையான பயத்துக்கு வருகிறேன். எய்ட்ஸ், புற்றுநோய் என்று எழுதியிருந்தாலும் கடிதம் முழுக்க இருப்பது அப்பாதான். உங்களுக்கு 19 வயது. சட்டப்படி உங்கள் உடம்புக்கு நீங்களே கையெழுத்துப் போடலாம், பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் அப்பாவின் சம்மதம் தேவையில்லை. உங்கள் விஷயத்தை அவரிடம் சொல்ல எந்த மருத்துவருக்கும் உரிமை கிடையாது. கருக்கலைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. 2021 திருத்தத்தில், கருத்தடை தவறிப்போன காரணத்துக்காகக் கலைக்கலாம் என்பது மணமாகாத பெண்ணுக்கும் பொருந்தும்படி 'கணவர்' என்ற இடத்தில் 'துணைவர்' என்று மாற்றினார்கள். பதிவுச் சீட்டில் கைபேசி எண் கேட்டால் உங்கள் எண்ணைக் கொடுங்கள், வீட்டு எண்ணை எழுதிவிட்டு அப்புறம் புலம்பாதீர்கள். தனியாகவும் போகாதீர்கள். அம்மாவிடம் முடியாவிட்டால் ஒரு சித்தியோ அக்காவோ விடுதித் தோழியோ கூட வரட்டும். மயக்கம் வந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும்.

இதைப் படிக்கும் 17 வயதுப் பெண்ணுக்குக் கணக்கு வேறு. 18 வயது நிறையாதவர் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012 போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும், கலைப்புக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதமும் வேண்டும். ஆனால் பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், கலைப்புக்காக வரும்போது அவள் பெயரை அந்தத் தகவலில் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. இதற்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே வராமல் இருப்பவர்கள்தான் கடைசியில் நள்ளிரவில், முழு ஊரும் பார்க்க, ஆம்புலன்ஸில் வருகிறார்கள்.

நீங்கள் கேட்ட 'மாதவிலக்கு வருவதற்கு ஒரு மாத்திரை' எனக்குத் தெரிந்ததுதான். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் மறைவாகத் தரும் கலைப்பு மாத்திரை செட். முறையாகக் கொடுத்தால் நல்ல மருந்து. கரு கருப்பைக்குள் இருக்கிறது என்று பார்த்து, 9 வாரத்துக்குள் என்று உறுதிசெய்து, நாங்களே தருகிறோம். குழாயில் இருக்கும் கருவை அது கலைக்காது. கருப்பையிலிருந்து மட்டும் ரத்தம் வரும், "ஆச்சு, வந்துவிட்டது" என்று நீங்கள் குளித்துவிட்டுக் கல்லூரிக்குப் போவீர்கள், உள்ளே குழாய் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கடைக்காரர் மீது எனக்கு வருகிற கோபத்தை இங்கே எழுதினால் அச்சிட மாட்டார்கள். ஏற்கெனவே யாராவது இதைப் போட்டிருந்தால், தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு நாப்கின் முழுக்க நனைந்தால் அது அவசரம். டாக்டரிடம் என்ன போட்டீர்கள் என்பதை மறைக்காதீர்கள்.

பப்பாளி, அன்னாசி, எள்ளும் வெல்லமும்? சாப்பிடுங்கள், நல்ல சத்து. கருவைக் கலைக்காது.

வெள்ளைப்படுவதால் எலும்பு உருகாது. இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் முட்டை வெள்ளை மாதிரி வழவழப்பாக வருவது உடம்பின் வேலை. தயிர்த் திரள் மாதிரி வந்து அரித்தால் பூஞ்சை, எளிதில் போகும். மஞ்சளாகவோ பச்சையாகவோ, நாற்றத்தோடு, அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் உடனே காட்ட வேண்டும். முகப்பருவும் முடியும் உங்கள் வயதுக்கும் கவலைக்கும் உரியவை. கருப்பைவாய்ப் புற்றுநோய் இரண்டு மாதத்தில் வருவதில்லை. அந்த பயம் இருந்தால், அதற்குக் காரணமான வைரஸைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் வயதில் 3 தவணை.

'அவசர மாத்திரை போட்டால் குழந்தை பிறக்காது' என்பது பொய். குழந்தை பிறக்காமல் செய்யக்கூடியதைப் பற்றி நெட்டில் யாரும் உங்களைப் பயமுறுத்தவில்லை என்பதுதான் வேடிக்கை. கிளமிடியா, கொனோரியா என்று இரண்டு பாலியல் தொற்றுகள். பெண்களில் பல பேருக்கு அறிகுறியே இருக்காது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் வரை ஏறித் தழும்பாக்கும், குழாய் தூர்ந்துபோன வாய்க்கால் மாதிரி ஆகிவிடும். பிற்காலத்தில் குழந்தையின்மை, குழாயில் கரு தங்குவது, இரண்டுக்கும் இது ஒரு பெரிய காரணம். அதனால்தான் அரைகுறை அசித்ரோமைசின் எனக்கு எரிச்சல் தருகிறது. அளவும் தெரியாது, கிருமியும் தெரியாது, வலியைக் கொஞ்சம் அமுக்கிவிட்டுப் பரிசோதனையைக் குழப்பும். ஸ்கேனில் கர்ப்பம் இல்லை என்று வந்தால் அடுத்து இந்தத் தொற்றைத்தான் தேடச் சொல்லுவேன். அசித்ரோமைசினை எந்தத் தேதியில் எத்தனை போட்டீர்கள் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

எச்.ஐ.வி.யை முடி கொட்டுவதை வைத்து யாராலும் சொல்ல முடியாது, ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் வழி. அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் இலவசமாக எடுக்கலாம். சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017 சட்டமே இருக்கிறது. உறவு நடந்து 6 வாரத்தில் ஒரு முறை, 3 மாதம் முடிந்ததும் ஒரு முறை எடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது. அதே ரத்தத்தில் சிபிலிஸ் என்ற பாலியல் தொற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அதில் வரும் புண் வலிக்காது, தானே ஆறியும் போகும், நோய் மட்டும் உள்ளே தங்கிவிடும். நேரில் கேட்கக் கூச்சம் என்றால் 1097, கட்டணமில்லாத எண். எச்.ஐ.வி. தொற்று இருக்கக்கூடும் என்று சந்தேகிக்கும் உறவு நேர்ந்தால், 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய 28 நாள் தடுப்பு மருந்து உண்டு. யோசித்துக்கொண்டே மூன்று நாளைக் கடத்திவிட்டால் அது பயன்படாது.

இனி வரும் நாட்களுக்கு. கருத்தடை முறைகளில் தொற்றையும் தடுப்பது ஆணுறைதான், மாத்திரையோ ஊசியோ காப்பர் டி-யோ தடுக்காது. நிரோத் ஆணுறை ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். ஒவ்வொரு முறையும், முதல் நிமிடத்திலிருந்தே. கடைசி நேரத்தில் விலகிவிட்டேன் என்று உங்கள் நண்பர் சொல்லுவது கருத்தடை இல்லை. கருவைத் தடுக்க அதோடு இன்னொன்றும் வேண்டும் என்றால் தினசரி மாத்திரை, 3 மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி எல்லாம் அரசு மருத்துவமனையில் கிடைக்கும். சாயாவை முதல் 3 மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று போட வேண்டும். காப்பர் டி குழந்தை பெறாத பெண்ணுக்குப் போடக் கூடாது என்பது பழைய பேச்சு. உறவு நடந்து 5 நாளுக்குள் போட்டால் அவசர மாத்திரையைவிட நன்றாக வேலை செய்வதும் அதுதான். அவசர மாத்திரை சீட்டில்லாமல் விற்கலாம் என்று விதி இருந்தும் நம் தமிழ்நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் வைத்திருப்பதில்லை, அதனால்தான் அது தோழிகளின் கைப்பையில் பெங்களூரிலிருந்து வருகிறது. கிடைத்தாலும் அது மாதாமாதம் போடும் மருந்து இல்லை. அதைப் போட்ட மாதத்தில் 'பாதுகாப்பான நாள்' கணக்கும் செல்லாது. போட்டு 3 வாரம் ஆகியும் மாதவிலக்கு வரவில்லை என்றால் சிறுநீர்ப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

ஸ்கேன் எடுத்த பிறகு ஒரு குழப்பம் வரலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். சில சமயம் கருப்பையிலும் ஒன்றும் தெரியாது, குழாயிலும் தெரியாது, ரத்தத்தில் மட்டும் கர்ப்பம் என்று வரும். "ஒன்றுமில்லை" என்று அதை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பாதீர்கள். 48 மணி நேரம் கழித்து எச்.சி.ஜி.யை மறுபடி பார்க்க வேண்டும், அது ஏறும் விதத்தை வைத்துத்தான் கரு எங்கே என்று கணிப்போம். அந்த இரண்டு நாளும் கும்பகோணத்திலேயே, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்குங்கள். தொற்று என்று வந்தால் நண்பருக்கும் அதே சமயத்தில் சிகிச்சை வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு மறுபடி வரும். வர மாட்டேன் என்று அவர் சொன்னால், அந்தப் பதிலையும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.