கேள்வி-பதில்: விளக்கு எரிந்தால் போதுமா?

கேள்வி: அமெரிக்காவிலிருந்து ஒருவர் டைனாகோ பிஏஎஸ்-3 வால்வு ப்ரீஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்கு முன்னால் வைக்கும், கண்ணாடி வால்வுகளில் ஓடும் பழைய கருவி) ஒன்றை இணையத்தில் விற்கிறார். “பவர் வருகிறது, விளக்கு எரிகிறது” என்று போட்டிருக்கிறார். நம்பி வாங்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: விளக்கு எரிவதற்கும் பாட்டு வருவதற்கும் சம்பந்தமே இல்லை. மேல்மூடியையும் அடித்தகட்டையும் கழற்றி, உள்ளே தெரியும்படி படம் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள், இது அபூர்வமான மாடல் அல்ல. தொழிற்சாலையில் பூட்டியதும் உண்டு, கிட்டாக வாங்கி வீட்டில் பூட்டியதும் உண்டு. கிட் என்றால் ஈயம் வைத்தவரின் கைப்பழக்கம்தான் தரம். மங்கலாக, உருண்டையாக நிற்கும் சால்டர் பின்னாளில் கரகரப்பாக வந்து நிற்கும்.

படத்தில் முதலில் தேட வேண்டியது, ஹீட்டர் சப்ளையில் (வால்வுக்குள் சூடேறும் இழைக்கு மின்சாரம் தரும் பகுதியில்) இருக்கும் செலினியம் ரெக்டிஃபையர், அதாவது ஏசியை டிசியாக்கும் பாகம். தகடு தகடாக அடுக்கியதுபோல் இருக்கும். வயதாக ஆக அதிலேயே வோல்ட் இறங்கி, வால்வுகளின் ஹீட்டர் சரியாகச் சூடேறாது. கருகினால் வரும் நாற்றமும் புகையும் நஞ்சு. சிலிக்கான் டையோடு போட்டு மாற்றலாம், ஆனால் அப்படியே மாற்றினால் வோல்ட் ஏறிவிடும். தொடரில் ஒரு ரெசிஸ்டர் சேர்த்து, 12ஏஎக்ஸ்7 வால்வு ஒவ்வொன்றிலும் 4, 5ஆம் கால்களுக்கு இடையே 12.6 வோல்ட் (10 சதவீதம் முன்னே பின்னே) இருக்கிறதா என்று அளந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது, டிசியைச் சீராக்கும் அலுமினியக் குப்பி ஃபில்டர் கண்டன்சர். அடியில் பிசின் கசிந்து காய்ந்திருந்தால் அதை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். சுங்க வரியும் பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவையும் சேர்த்த மதிப்புக்குத்தான் கணக்கிடுவார்கள்.

வால்வுகளைக் கழற்றி, எந்த சாக்கெட் என்று எண் எழுதி, தனித்தனியாகச் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். “டெலிஃபங்கன் வால்வு” என்று விலை ஏற்றினால் அடிப்பக்கப் படம் கேளுங்கள். கால்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே வைர வடிவ முத்திரை பதிந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் அச்சடித்த பெயரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

கேள்வி: பெட்டி வந்ததும் நேராக பிளக்கில் செருகலாமா?

பதில்: கூடாது. அது 120 வோல்ட் கருவி, நம் 230இல் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். 230ஐ 120ஆக இறக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், 100 விஏ தாராளம். பின்பக்கத்திலுள்ள ஏசி சாக்கெட்டுகளிலும் 120தான் வரும், உங்கள் பவர் ஆம்பை அதில் செருகாதீர்கள்.

முதல் தடவை, பவர் ஆம்பை இணைக்காமல், ஸ்டெப்-டவுனுக்கு முன்னால் சீரிஸ் போர்டில் (கருவிக்குப் போகும் மின்சாரத்தைப் பல்பு வழியாக விடும் பலகையில்) 60 வாட் குண்டு பல்பு வையுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். வேரியாக்கில் (வோல்ட்டைத் திருகி ஏற்றி இறக்கும் கருவியில்) மெதுவாக ஏற்றுவது இங்கே அவ்வளவு உதவாது. உயர் வோல்ட் பக்கத்து ரெக்டிஃபையரும் (12எக்ஸ்4) ஒரு வால்வு, ஹீட்டர் சூடேறும்வரை அது மின்சாரமே விடாது.

பல்பைக் கழற்றிய பின் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அவுட்புட் ஜாக்கில் டிசி அளவுங்கள். சில மில்லிவோல்ட் பரவாயில்லை. வோல்ட் கணக்கில் நின்றால் டிசியைத் தடுத்து ஒலியை மட்டும் விட வேண்டிய கப்ளிங் கண்டன்சர் ஒழுகுகிறது, பவர் ஆம்பை இணைக்காதீர்கள். ஒரு எச்சரிக்கை: அணைத்த பிறகும் ஃபில்டரில் 300 வோல்ட் அளவில் தங்கியிருக்கும். மீட்டரில் இறங்கியதைப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

கேள்வி: இடது பக்கம் மட்டும் கரகரக்கிறது. எல்லா வால்வையும் மாற்றணுமா?

பதில்: ஒன்றுகூட வாங்காதீர்கள், முதலில் இடம் மாற்றுங்கள். ஃபோனோ (இசைத்தட்டு) போர்டில் இரண்டு, லைன் போர்டில் இரண்டு 12ஏஎக்ஸ்7, சேனலுக்கு ஒன்று. அணைத்து, ஆறவைத்து, ஒரே போர்டிலுள்ள இரண்டையும் மாற்றிச் செருகுங்கள். கரகரப்பு வலப்பக்கம் போனால் வால்வுதான். இடத்திலேயே நின்றால் சாக்கெட், ரெசிஸ்டர், வால்யூம் என்று தேட வேண்டும். பெரும்பாலும் அழுக்கேறிய சாக்கெட்தான்.

கேள்வி: புது டிரான்சிஸ்டர் பவர் ஆம்போடு சேருமா?

பதில்: அந்த ஆம்பின் உள்ளீட்டு இம்பீடன்ஸை (உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் தடையை) பாருங்கள். 100 கிலோ ஓம் என்றால் கவலை இல்லை. 10 கிலோ ஓம் என்றால் பேஸ் மெலிந்துவிடும், வால்வை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.